நிலம் பிரிந்த கருப்பொருள்



குறியீட்டை ஆராய்வோர் பெரும்பாலும் கவிதையையும் நாடகத்தையுமே எடுத்துக்கொள்வது வழக்கம். அவற்றில் ஒரு விளக்கு அணையுமானால் அதை அணைத்தவர் ஆசிரியரே என்பதில் ஐயமில்லை. எதற்காக அணைத்தார் என்று கேட்க ரசிகனுக்குப் பூரண உரிமையும் உண்டு. சுயசரிதையிலோ, அந்த விளக்கு உண்மையாகவே எண்ணெய் தீர்ந்து அணைந்திருக்கக்கூடும். நடந்ததை நடந்தபடி உரைக்கக் கடமைப்பட்ட ஒருவர், தம் வீட்டிலிருந்த நாயையும் நாற்காலியையும் குறியீடுகளாக்கத் தொடங்கிவிட்டால் அவருடைய சத்தியத்தின்மீதே நமக்குச் சந்தேகம் பிறந்துவிடும்; அவ்வாறு ஆக்காமல் வெறும் சம்பவங்களையே அடுக்கிக்கொண்டு போனாலோ, அதைச் சரித்திரக் குறிப்பு என்போமேயன்றி இலக்கியம் என்னமாட்டோம். இந்தச் சங்கடம் எல்லாச் சுயசரிதைக்கும் பொதுவெனினும், பிறந்த மண்ணைப் பிள்ளைப் பருவத்திலேயே இழந்து அயல்நாட்டில் அகதியாக வளர்ந்தவர் எழுதும் சுயசரிதையில் இருமடங்காகிறது. ஏனெனில், அவர் பேனாவை எடுப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அவருடைய சமூகம் தன் இழப்புக்குரிய சின்னங்களைத் தேர்ந்து, சுவர்களில் தீட்டி, ஊர்வலங்களில் ஏந்தி, அவற்றுக்கு ஒரு புனிதத்தன்மையையும் அளித்துவிட்டிருக்கும். தனியொருவர் தம் ஞாபகத்தைத் துழாவும்போது கைக்கு முதலில் அகப்படுவது தம்முடையதா, ஊரார் தந்ததா என்பதை அவராலேயே நிச்சயித்துச் சொல்ல முடிவதில்லை.

இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட நூல், காதா கர்மி என்னும் பாலஸ்தீன அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாத்திமாவைத் தேடி’. அம்மையார் 1939இல் எருசலேமில் பிறந்தவர். மூன்று மக்களில் இளையவர். தந்தையார் ஹஸன் கர்மி துல்கரம் என்னும் ஊரினர். பிரிட்டிஷ் ஆட்சியில் கல்வி இலாகாவில் உத்தியோகம் பார்த்துப் பிற்காலத்தில் ஆங்கில-அரபு அகராதிகளால் கீர்த்தி பெற்றவர். தாயார் டமாஸ்கஸ் நகரத்துப் பெண்மணி. வசதி படைத்த அரபுக் குடும்பங்கள் கல் வீடுகள் கட்டிக்கொண்டு வாழ்ந்த கத்தமோன் பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். 1947 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிப்பதெனத் தீர்மானித்ததும் அப்பகுதியின் அமைதி குலைந்தது. 1948 ஜனவரித் தொடக்கத்தில் ஹகானா என்னும் யூதப் படையினர் அங்கிருந்த செமிராமிஸ் ஹோட்டலை வெடிவைத்துத் தகர்த்ததில் 20 பேருக்கு மேல் மாண்டனர். ஏப்ரல் 9 அன்று தேர் யாசின் கிராமத்தில் நடந்த படுகொலையைக் கேட்டு நகரமே நடுங்கியது. அம்மாத இறுதியில், சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு, கர்மி குடும்பத்தார் டமாஸ்கஸிலிருந்த பாட்டனார் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் போன சில தினங்களுக்குள் கத்தமோன் ஹகானாவின் வசமாயிற்று. அவ்வாண்டில் வீடிழந்த பாலஸ்தீன அரபு மக்கள் 7 லட்சத்துக்கும் அதிகம் என்பது சரித்திரம். இக்குடும்பம் அவர்களுள் ஒன்று. 1949இல் தந்தையாருக்கு லண்டனில் பி.பி.சி. வானொலியின் அரபுப் பிரிவில் வேலை கிடைக்க, அவர்கள் அந்நகரம் போய்ச் சேர்ந்தார்கள்.

புறப்பாட்டைச் சொல்லும் முகப்புப் பகுதியிலே ஒரு விசேஷம் இருக்கிறது. சுயசரிதைக்காரர் எவரும் ‘நான்’ என்று தொடங்கும் இடத்தில் கர்மி அம்மையார் ‘அந்தக் குழந்தை’ என்று படர்க்கையில் தொடங்குகிறார். எட்டு வயதில் வண்டியில் ஏற்றப்பட்ட அந்தச் சிறுமியும், அறுபது வயதை அடுத்து லண்டனில் அமர்ந்து எழுதும் மருத்துவரும் ஒருவரேதாம் என்று சாதிக்க அவருக்கு மனம் வரவில்லை போலும். அந்தப் பகுதியின் நடுநாயகமாக நிற்பது வீடன்று, தோட்டமன்று, தேசமுமன்று. ரெக்ஸ் என்று பெயரிட்டு அவர்கள் வளர்த்த நாய். டாக்ஸி புறப்படுகையில் எப்படியோ தெருவுக்கு வந்துவிட்ட அந்த நாய், விலகிச் செல்லும் வண்டியைப் பார்த்தபடி நடுத்தெருவில் அசையாமல் நிற்கிறது. நிறுத்துங்கள், அடிபட்டுவிடும் என்று சிறுமி கதறுகிறாள். பஸ் நிலையம் வரையில் உடன்வந்த பணிப்பெண் பாத்திமா, தாம் திரும்பிப் போனதும் அதை உள்ளே விட்டுவிடுவதாகச் சொல்லி அவளைத் தம் மடியில் அமர்த்துகிறார். அவ்வளவுதான், நாய்க்கு என்ன பொருள் என்று ஆசிரியர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. பெற்றோர் அன்று இழந்தவற்றுக்கெல்லாம் அவர்களிடம் பெயர்கள் இருந்தன. பெயரிட்டு அழைக்கத் தெரிந்த ஒன்றை மட்டுமே பிள்ளை இழக்க முடியும். அவளுக்குத் தெரிந்த பெயர் ரெக்ஸ்.

ஜூடித் கெர் அம்மையார் 1971இல் எழுதிய ‘ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது’ என்ற நூலை இங்கே நினைப்பவர்கள் உண்டு. பெயர்களை மாற்றிக் கதையாக எழுதப்பட்டதெனினும் அது அவருடைய பிள்ளைப் பருவமே. நாடக விமரிசகரான தந்தையின் தலைக்கு ஆபத்து வந்தமையால் 1933இல் பெர்லினை விட்டு வெளியேறும் யூதக் குடும்பத்தின் சிறுமி, ஒரு பொம்மையை மட்டுமே எடுத்துச் செல்லலாம் என்ற நிலையில், புதிய கம்பளி நாயை எடுத்துக்கொண்டு, பழகிய முயலை விட்டுவிட்டுப் பின்னர் வருந்துகிறாள். அங்கே பிள்ளைக்கு ஒரு தேர்வு தரப்பட்டது; தேர்வு தவறிற்று என்னும் குற்றவுணர்ச்சியே அந்த முயலுக்கு உயிர் கொடுக்கிறது. ரெக்ஸ் விஷயத்தில் யாரும் யாரையும் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது மேம்போக்கான வாசிப்பு.

இவ்விடத்தில் நம்முடைய இலக்கண மரபு கைகொடுக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று தொல்காப்பியர் வகுத்த மூன்றில், நிலமும் காலமும் முதலாக, அந்நிலத்துக்குரிய மரமும் புள்ளும் விலங்கும் உணவும் தொழிலும் கருப்பொருளாக, அவற்றினூடே மனித உணர்ச்சி உரிப்பொருளாக நிற்கிறது. கருப்பொருளின் வழியே மறைபொருளை உணர்த்தும் முறையிலும் இருவகை கண்டார்கள். ஒன்று உள்ளுறை, காட்சியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஈடாகக் கதையிலே ஓர் உறுப்பு நிற்கும். மற்றது இறைச்சி, அதில் அவ்வாறு பொருத்திக் கணக்குப் பார்க்க இயலாது, சொல்லப்பட்டதற்கு அப்பால் ஒரு துவனி மட்டும் எழும். ரெக்ஸ், இறைச்சி வகையின் பாற்பட்டது. அதுதான் கைவிடப்பட்ட தாயகம் என்று ஒருவர் சமன்பாடு எழுதுவாரானால் அந்த இடத்தையே அவர் கெடுத்துவிடுகிறார்.

உள்ளுறைக்கு உதாரணம் வேண்டுமானால் அதே 2002இல் எபிரேய மொழியில் வெளிவந்த இன்னொரு சுயசரிதையைக் காட்டலாம். ‘அன்பும் இருளும் பற்றிய கதை’ என்ற அந்நூலை எழுதிய ஆமோஸ் ஓஸ் அவர்களும் 1939இல் எருசலேமிலேயே பிறந்தவர். ஐரோப்பாவில் வாழ முடியாமல் பாலஸ்தீனத்துக்கு வந்து சேர்ந்த யூதக் குடும்பத்தின் ஒரே பிள்ளை. அவருடைய வீட்டுக்கும் கர்மி வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு நகரத்தின் அகலந்தான். 1947இல், எட்டு வயதில், ஓர் அரபுச் செல்வந்தர் வீட்டுக்கு விருந்தினனாகப் போன ஓஸ், அங்கிருந்த சிறுமிக்குத் தன் இனத்தின் வீரத்தைக் காட்டும் ஆவலில் மரமேறி, துருப்பிடித்த சங்கிலியில் கோத்த இரும்புக் குண்டைச் சுழற்றுகிறான். அது கழன்று பறந்து அவளுடைய சிறிய தம்பியின் பாதத்தில் விழுகிறது. நிகழ்ச்சி நடந்ததே என்று நான் நம்புகிறேன். ஆனால் மரம், சங்கிலி, குண்டு, வீரம், அடிபட்ட பாதம் என்று ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டின் யுத்தத்தோடு அத்தனை செம்மையாகப் பொருந்துகிறபோது, நாவலாசிரியரின் கைத்திறன் தெரிகிறது. தெரிவதனாலேயே ரசனை ஓர் அங்குலம் குறைகிறது. மொத்தத்தில் ஓஸ் அவர்களின் நூல் பெரிய சாதனை என்பதில் எனக்கு மாறுபட்ட அபிப்பிராயம் இல்லை. இந்த ஓரிடத்தில் மட்டும், கதாசிரியர் அல்லாத கர்மி அம்மையாரின் கட்டவிழ்ந்த நாய்க்கே என் ஓட்டு.

இனி, ஊரார் தந்த சின்னங்களைப் பார்ப்போம். பாலஸ்தீன அகதிகளின் பொதுச் சின்னங்களில் தலையாயது சாவி. பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைப் பெட்டியில் வைத்துக் காத்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கையளித்த குடும்பங்கள் பல. பெத்லகேமில் உள்ள ஐதா முகாமின் வாயிலில், சாவித்துவார வடிவில் அமைந்த வளைவின்மீது ஒரு பெரிய இரும்புச் சாவியையே செய்து வைத்திருக்கிறார்கள். 2012இல் அது பெர்லின் கலைக் கண்காட்சி வரையில் பயணம் செய்து திரும்பியது. மற்றொரு சின்னம் ஹந்தலா. பத்து வயதளவில் தன் கிராமத்தை இழந்து லெபனான் முகாமில் வளர்ந்த நாஜி அல்-அலி என்ற கேலிச்சித்திரக்காரர், குவைத்துப் பத்திரிகையில் 1969இல் படைத்த சிறுவன் அவன்: வெறுங்கால், கிழிசல் உடை, நமக்கு முதுகு காட்டிப் பின்னால் கட்டிய கைகள். தாயகம் திரும்பும் வரையில் அவனுக்கு வயது பத்துதான், வளரவே மாட்டான் என்று அவனைப் படைத்தவர் விதித்துவிட்டார். படைத்தவர் 1987இல் லண்டன் தெருவில் சுடப்பட்டு மாண்டார். பையனோ இன்றும் சுவர்களில் பத்து வயதினனாகவே நிற்கிறான்.

இச்சின்னங்களை நான் இழித்துப் பேச வரவில்லை. வழக்காடும் ஜனங்களுக்கு மாறாத சாட்சி வேண்டும். சாவி துருப்பிடித்தாலும் சாவிதான், ஹந்தலாவின் வயது ஏறினால் அவன் சாட்சியம் வலுவிழக்கும். ஆனால் சுயசரிதை எழுதுகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர் வளர்ந்துவிட்டார். வளர்ந்ததே அவருடைய கதை. சிலருக்கு அதுவே அவர் இழைத்த துரோகமுங்கூட. காதா கர்மி லண்டனில் ஆங்கிலப் பள்ளியில் படித்தார், ஆங்கில நாவல்களில் மூழ்கினார், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பயின்றார், ஆங்கிலப் பெண்ணாகவே ஆகிவிட மனப்பூர்வமாக முயன்றார். 1956இன் சூயஸ் நெருக்கடியின்போது பள்ளியில் தாம் அரபுப் பெண் என்பதை மற்றவர் நினைவூட்டக் கேட்டதும், 1967 யுத்தத்திற்குப் பின் அந்த முயற்சி அடியோடு சரிந்ததும் நூலின் நடுப்பகுதி. அரசியல் விழிப்பைச் சொல்லும் அதற்குப் பிந்தைய அத்தியாயங்கள் பயனுள்ளவை. எனினும் இலக்கியமென்ற வகையில் அவை முற்பகுதிக்கு ஈடாகா. கூட்டங்களும் கட்சிகளும் வந்தவுடன் பொருள்கள் விடைபெற்றுப் போய்விடுகின்றன.

பொருள்கள் மிகச் செறிந்திருப்பது கோல்டர்ஸ் கிரீன் வீட்டில். லண்டனின் வடபகுதியிலுள்ள அவ்விடம், ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்கள் நிறையக் குடியேறிய பேட்டை; எருசலேமை இழந்த அரபுக் குடும்பம் போய்த் தங்கிய இடம் அதுவாக அமைந்ததைக் கற்பனையில் எழுதியிருந்தால் செயற்கை என்று நாமே சொல்லியிருப்போம். அங்கே தாயார் லண்டன் என்று ஒரு நகரம் இருப்பதையே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கிலம் சரிவரக் கற்கவில்லை. சமைத்தது அரபு உணவு. வந்துபோனவர்கள் அரபு விருந்தினர். நிரந்தரக் குடியிருப்புக்கு அடையாளமான வீட்டு வசதிகள் சிலவற்றை வாங்கவும் நெடுநாள் மறுத்தார். எருசலேமின் கோடையில் தரையைக் கழுவி விடுவது வீட்டைக் குளிர்விக்கும் காரியம். அதே வழக்கத்தை இங்கிலாந்தின் ஈரக் குளிரிலும் அவர் கைவிடவில்லை. முன்னே நான் சொன்ன இலக்கணம் இங்கேதான் தலைகீழாகிறது. நிலம் போய்விட்டது, காலமும் போய்விட்டது. உணவும் தொழிலும் பழக்கமுமாகிய கருப்பொருள்கள் மட்டும் கப்பலேறி வந்து, தமக்குரிய முதற்பொருள் இல்லாமல் அந்தரத்தில் நிற்கின்றன. தொல்காப்பியர் திணைமயக்கம் என்பதற்கு இடம் தந்தார். ஒரு நிலத்தின் பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வரலாம் என்றார். ஆனால் சொந்த நிலமே இல்லாமற்போன கருப்பொருளுக்கு அவர் விதி செய்யவில்லை. செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு வரவில்லை என்பது அந்தக் காலத்தின் பாக்கியம்.

தந்தையாரின் வழி வேறு. அவர் தம் நாட்டைப் பாஷைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பி.பி.சி.யில் அவர் நடத்திய இலக்கிய நிகழ்ச்சிக்கு அரபு நாடெங்குமிருந்து நேயர்கள் ஒரு செய்யுளடியை எழுதி, இதைப் பாடியவர் யார், பாடிய சந்தர்ப்பம் யாது என்று வினவுவார்கள்; அவர் விடை சொல்வார். பல்லாண்டுகள் நடந்த அந்நிகழ்ச்சி அவரை அரபு உலகத்தில் எல்லோரும் அறிந்த குரலாக்கியது. மகள் இதைக் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் எழுதுகிறார். இழந்ததைப் பற்றி வீட்டில் தந்தையார் பேசவேயில்லை என்பது மகளின் குறை.

இப்போது, நூலுக்குப் பெயர் தந்த பாத்திமாவிடம் வருவோம். எருசலேமுக்குத் தென்மேற்கே இருந்த அல்-மாலிஹா என்ற கிராமத்துப் பெண் அவர். கர்மி வீட்டில் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்தவர். கிராமத்துப் பெண்கள் அணியும் பூத்தையல் அங்கி அணிந்தவர். அந்தத் தையலின் கோலமும் நிறமும் ஊருக்கு ஊர் வேறுபட்டு, அங்கியைக் கண்டே இன்ன ஊர்ப் பெண் என்று சொல்லும்படி இருந்த காலம் அது. நகரத்து மேல்தட்டுப் பெண்கள் அதை உடுத்ததில்லை. ஐரோப்பிய பாணியில் தைத்த உடையே அவர்களுக்குக் கௌரவம். நாடு போனபின் நிலைமை தலைகீழாயிற்று: உழவர் வீட்டு அங்கி தேசத்தின் சின்னமாகி, நகரத்துச் சீமாட்டிகள் விழாக்களுக்கு உடுத்தும் ஆடையாகி, 2021இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் ஏறியது. தங்கள் வர்க்கம் கிராமத்தாரைத் தாழ்வாகக் கருதியிருந்ததையும், அவர்களே பின்னர் தாயகத்தின் வடிவமாக உயர்த்தப்பட்டதையும் கர்மி அம்மையார் மறைக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மை இருந்தபடியால்தான் நான் இந்நூலை இம்மேடைக்குக் கொண்டுவந்தேன்.

ஆனால் நேர்மையோடு எழுதியும், கிராமத்தாரைத் தாயகத்தின் வடிவமாக்கும் அந்தக் காரியத்தையே அவர் தாமும் செய்கிறார் என்பது என் வாதம். 1948க்குப் பிறகு அக்குடும்பம் பாத்திமாவைக் காணவில்லை. காணாமற்போன அந்த மனுஷி, பக்கங்கள் செல்லச் செல்ல, மண்ணாகவும் தாய்மையாகவும் பால்ய காலமாகவும் விரிந்துகொண்டே போகிறார்; விரிய விரிய அவர் யார் என்பது மங்குகிறது. பெற்ற தாய்க்குக் குணமும் குற்றமும் உண்டு, கோபமும் பிடிவாதமும் உண்டு; வளர்த்த தாய்க்கு அங்கியும் மடியும் அன்புமே உண்டு. நாயிடத்தில் விளக்கம் சொல்லாமல் நிறுத்திக்கொண்ட ஆசிரியரின் பேனா, இங்கே நூலின் தலைப்பிலேயே விளக்கத்தை எழுதிவைத்துவிட்டது. நாட்டைப் பெண்ணாக்கிப் பாடுவது எல்லாப் பாஷைக் கவிஞர்களுக்கும் உள்ள பழக்கம். சம்பளம் பெற்று வேலை செய்த ஒரு பெண்ணை நாடாக்குவதில் கூடுதலான ஒரு சிக்கல் இருக்கிறது, அவருக்கும் அந்த நாடு சொந்தம் என்பது.

கத்தமோன் வீடோ அவ்வாறு குறியீடாகிக் கரைந்துபோக மறுத்துவிட்டது. 2005இல் ராமல்லாவில் பாலஸ்தீன நிர்வாகத்துக்காகப் பணியாற்றிக்கொண்டிருந்த கர்மி அம்மையாருக்கு, ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் எருசலேம் நிருபர் ஸ்டீவன் எர்லாங்கரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. அவர் இந்தச் சுயசரிதையைப் படித்தவர். தாம் குடியிருப்பது அதில் வரும் பழைய வீட்டின்மீது பின்னர் எழுப்பப்பட்ட மாடி என்பதை அறிந்து, வந்து பார்க்குமாறு அழைத்திருந்தார். அம்மையார் போனார். 2015இல் வெளிவந்த ‘திரும்புதல்’ என்ற தம் பிற்கால நூலில் அதை எழுதியிருக்கிறார். பொதுச் சின்னமாகிய சாவியின் கணக்கில், உரியவர் உரிய வாசலில் நின்ற கணம் அது. நடந்ததோ, ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரரின் உபசாரத்தில், அயலார் வாழும் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வந்த ஒரு பொழுது. சுயசரிதை சின்னத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இவ்விதமாக அதைப் பிரத்தியட்சத்தோடு மோதவிடுவதே. அம்மையார் அதைத் தயங்காமல் செய்கிறார்.

பாத்திமாவுக்கு அந்த மோதல் கிடைக்கவில்லை. அவருடைய கிராமமாகிய அல்-மாலிஹா 1948 ஜூலையில் வீழ்ந்தது. இன்று அவ்விடத்துக்கு மால்ஹா என்று பெயர், பெரிய அங்காடியும் விளையாட்டரங்கும் அங்கே இருக்கின்றன. தேர் யாசின் செய்தி பரவியவுடனேயே அவ்வூர் மக்கள் பெண்டு பிள்ளைகளோடு வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். கர்மி குடும்பத்தார் வீட்டுப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டு டாக்ஸி ஏறியது அந்த வாரங்களில்தான். இக்கதையைப் பாத்திமாவே சொல்லியிருப்பாரானால், அதில் இந்த எட்டு வயதுச் சிறுமி, வேலை பார்த்த வீட்டின் மூன்று பிள்ளைகளில் இளையவளாக ஒரு பக்கத்தில் வந்து போயிருக்கக்கூடும். ரெக்ஸ், சோறு போடவேண்டிய இன்னொரு வாயாக இருந்திருக்கும். தம் ஊர் காலியாகிக்கொண்டிருக்கையில் பிறர் வீட்டைக் காக்க ஒப்புக்கொண்டு பஸ் நிலையத்திலிருந்து கத்தமோனுக்குத் திரும்பி நடந்த அந்த நண்பகலுக்கு ஓர் அத்தியாயம் முழுவதும் வேண்டியிருந்திருக்கும்.